நூறு வயதைக் கடந்த குக்ரிகள்: சாணைக்கல்லில் தேயும் படை வரலாறு

புது தில்லி: முதலாம் உலகப் போரின்போது கூர்க்கா படையினருக்கென அடித்துத் தரப்பட்ட குக்ரிக் கத்திகள் அனைத்தும் இப்போது நூறு வயதைக் கடந்துவிட்டன. 1914 என்ற ஆண்டு முத்திரை கொண்டவை 2014-லும், 1918 என்ற முத்திரை கொண்டவை 2018-லும் நூற்றாண்டை நிறைவு செய்தன. பழைய இரும்பாகவும் வரவேற்பறைச் சுவரின் அலங்காரமாகவும் கைமாறி வந்த இக் கத்திகள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் வகுத்துள்ள நூறாண்டு எல்லைக்குள் அடியெடுத்து வைத்துவிட்டன. வரலாற்று மதிப்புள்ள பொருள் ஒன்று இந்த எல்லையைத் தாண்டிவிட்டால், தனிநபர் எவரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

இந்த மாற்றத்தை எவரும் அறிவித்துச் சொல்வதில்லை. ஆண்டுக் கணக்கில் அது தானாகவே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குள் பல கத்திகளின் முகம் சாணைக்கல்லில் தேய்ந்து, அவற்றின் ஆண்டைப் படிக்கவே வழியில்லாமல் போய்விடுகிறது. படைக் குக்ரிகளைத் தேடிச் சேகரிப்போரின் முதல் கவலை விலையைப் பற்றியதன்று. கத்தியின் மீது இருக்கும் சில எழுத்துகளையும் எண்களையும் பற்றியதாகும்.

தமிழ்நாட்டில் கூர்க்கா என்றதும் இரவில் விசில் ஊதியபடி தெருவைச் சுற்றிவரும் காவலாளியே நினைவுக்கு வருவார். அவரது கத்தியைப் பற்றிய கதைகளும் உடன் வரும். உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நேபாளத்து மலைக் கிராமங்களில் விறகு பிளக்கவும், இறைச்சி வெட்டவும், புதர் அகற்றவும் நாள்தோறும் பயன்படுகிற கருவி இது. அந்தக் கதை உண்மையானால் அங்கே சமையலே நடக்காது.

முன்நோக்கி வளைந்த அலகு, நுனிப் பக்கம் கனத்து அகன்ற வயிறு, பிடியை ஒட்டி ஒரு சிறு வெட்டுக்குழி. இவையே குக்ரியின் அடையாளங்கள். படையினருக்கு வழங்கப்பட்டவற்றில் அலகு மட்டும் ஏறத்தாழ 13 அங்குல நீளம் இருக்கும். உறையின் பின்புறத்தில் கையடக்கமான இரு துணைக் கருவிகள் செருகப்பட்டிருக்கும். சிறு வேலைகளுக்கான குட்டிக் கத்தி 'கர்தா'. கூர்வாயைச் சீர்செய்யவும் தீ மூட்டவும் பயன்படும் மழுங்கிய இரும்பு 'சக்மக்'. பழைய குக்ரி ஒன்று இவ்விரண்டும் உறையும் குலையாமல் கிடைப்பது அரிது.

வேலூரில் தொடங்கி டேராடூன் வரை

ஆங்கிலேயர் இந்தக் கத்தியைப் போர்க்களத்தில் எதிர்கொண்டது 1814-ல் தொடங்கிய நேபாளப் போரில். டேராடூனுக்கு அருகே நாளாபானி மலைமேல் இருந்த கலங்கா கோட்டையைப் பலபத்ர குன்வர் தலைமையில் சில நூறு பேர் காத்து நின்றனர். அதைத் தாக்கச் சென்ற ஆங்கிலேயத் தளபதி ரோலோ கில்லெஸ்பி 1814 அக்டோபர் 31-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்து கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கியவர் இந்தக் கில்லெஸ்பிதான்.

தண்ணீர் வழி அடைபட்ட பிறகே, நவம்பர் இறுதியில், எஞ்சிய ஏறத்தாழ 70 பேருடன் பலபத்ரர் கோட்டையை விட்டு வெளியேறினார். வென்ற ஆங்கிலேயர் தங்கள் தளபதிக்கும் எதிரியின் படைக்கும் அருகருகே நினைவுத் தூண்களை எழுப்பினர். டேராடூனில் அவை இன்றும் உள்ளன. போர் முற்றுப்பெறும் முன்பே, 1815-ல், கூர்க்கா வீரர்களைக் கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்தப் பட்டாலியன்களை அமைக்கத் தொடங்கிவிட்டது. சிர்மூர் பட்டாலியன் அவற்றுள் ஒன்று. வீரர்கள் வரும்போது தங்கள் குக்ரியையும் கொண்டுவந்தனர்.

அந்தக் காலத்துக் கத்திகளில் ஆண்டும் இல்லை, எண்ணும் இல்லை. கிராமத்துக் கொல்லர் கைக்கு வந்தபடி அடித்தவை அவை. பிடியின் வடிவம், அலகின் ஒடுக்கம், வெட்டுக்குழியின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே அவற்றின் காலம் மதிப்பிடப்படுகிறது. பிடியின் நடுவில் வளையம் போன்ற மேடு இல்லாமல் மெலிந்து நீண்டிருப்பவை பொதுவாக முற்பட்டவை எனக் கொள்ளப்படுகின்றன. இது மதிப்பீடுதான், உறுதியான சான்று அன்று.

கத்தியே ஆவணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தும், அதைவிட மிகுதியாக இருபதாம் நூற்றாண்டிலும், நிலைமை மாறுகிறது. படைக்கென வாங்கப்பட்ட குக்ரிகளில் முத்திரைகள் வரத் தொடங்குகின்றன. அரசு உடைமை என்பதைக் காட்டும் அம்புமுனைக் குறி, பார்வையிட்டு ஏற்ற ஆய்வாளரின் முத்திரை, செய்த ஆண்டு, செய்த இடம் அல்லது ஒப்பந்தக்காரரின் பெயர்ச் சுருக்கம், பட்டாலியன் எண், ரெஜிமென்ட் எண், வழங்கிய வரிசை எண் எனப் பலவும் அலகிலோ முதுகிலோ பிடியின் பூணிலோ பொறிக்கப்பட்டன. எல்லாமே ஒரே கத்தியில் இருக்கும் என்பதில்லை. இரண்டு தெளிவாக இருந்தாலே சேகரிப்பாளர் மகிழ்ந்துவிடுவார்.

எடுத்துக்காட்டாக 2, 3 என்ற எண்கள் சேர்ந்து காணப்பட்டால், அது மூன்றாவது கூர்க்கா ரைபிள்ஸ் படையின் இரண்டாவது பட்டாலியனைக் குறிக்கலாம். 1915 செப்டம்பர் 25-ஆம் தேதி பிரான்ஸ் களத்தில், தானும் காயமுற்ற நிலையில், ஓர் ஆங்கிலேய வீரரையும் இரு கூர்க்கா வீரர்களையும் மீட்டு விக்டோரியா கிராஸ் விருது பெற்ற குல்பீர் தாபா அந்தப் பட்டாலியனைச் சேர்ந்தவர். நேபாளத்தில் பிறந்த கூர்க்கா ஒருவருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அது.

விற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கதை கட்டத் தொடங்குகிறார்கள். முத்திரை பட்டாலியனைச் சொல்லும். கத்தியைப் பிடித்த கையைச் சொல்லாது. வழங்கல் பதிவேடோ, குடும்பத்தாரின் கடிதமோ, ஓய்வூதிய ஆவணமோ உடன் இருந்தாலன்றி, இன்னார் வைத்திருந்த குக்ரி என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

எல்லா முத்திரைகளும் பெருமையை மட்டுமே நினைவூட்டுவன அல்ல என்பதையும் மறந்துவிட இயலாது. 1857-ல் தில்லி முற்றுகையின்போது சிர்மூர் பட்டாலியன் ஆங்கிலேயர் பக்கம் நின்று ஹிந்து ராவ் மாளிகையைக் காத்தது. 490 பேரில் 327 பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அந்த மாளிகை இருந்த மேட்டுப் பகுதியில் இன்று பெரிய அரசு மருத்துவமனை நடக்கிறது. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக் மைதானத்துக்கு ஜெனரல் டயர் இட்டுச் சென்றவர்களில், துப்பாக்கி ஏந்திய 50 பேர் தவிர, குக்ரி மட்டும் வைத்திருந்த 40 கூர்க்கா வீரர்களும் இருந்தனர். துப்பாக்கிக்காரர்களில் ஒரு பகுதியினர் ஒன்பதாவது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அந்தப் பட்டாலியனின் எண் பொறித்த கத்தி கையில் கிடைத்தால், அதை எடுத்தவருக்கு இந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

1961 டிசம்பர் 5-ஆம் தேதி காங்கோ நாட்டில் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றிய கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 16 வீரர்களுடன் துப்பாக்கிச் சனியன்களும் குக்ரிகளும் கையெறி குண்டுகளும் கொண்டு எதிரிகளின் மீது பாய்ந்தார். அந்தச் சண்டையில் உயிர்நீத்த அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஒரே வடிவக் கத்தி அரசுகள் மாறியபோதெல்லாம் கைமாறி வந்திருக்கிறது.

போர் கேட்டது, பட்டறை தந்தது

முதலாம் உலகப் போருக்கு முன் பத்து ரெஜிமென்டுகளில் 20 ஆக இருந்த கூர்க்கா பட்டாலியன்கள் போரின்போது 33 ஆகப் பெருகின. இரண்டாம் உலகப் போரில் அவை 40-ஐத் தாண்டின. கூர்க்காக்களைத் தவிர கார்வால், குமாவுன் படைகளிலும் குக்ரிப் பழக்கம் உண்டு. இத்தனை பேருக்கும் கிராமத்துக் கொல்லர்கள் மட்டும் கத்தி செய்து தந்துவிட முடியாது. அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளும் தனியார் ஒப்பந்தக்காரர்களும் களமிறங்கினர். அளவும் எடையும் வரையறுக்கப்பட்டன. மார்க்-1, மார்க்-2, மார்க்-3 என வடிவங்களுக்கு எண்கள் வந்தன. டேராடூன் இத்தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்றாயிற்று. 1943-ல் அங்கு குக்ரி செய்யத் தொடங்கிய ஒரு நிறுவனம் இன்று உலகச் சந்தைக்கு வாளும் கவசமும் அனுப்பி வருகிறது.

கொல்லர் செய்த குக்ரியையும் தொழிற்சாலைக் குக்ரியையும் வேறுபடுத்துவது பழகிய கண்ணுக்கு எளிது. மரபுக் கொல்லர் பழுக்கக் காய்ந்த அலகை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்துவதில்லை. கெண்டியிலிருந்து கூர்வாய் ஓரமாக மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே செல்வார். வெட்டும் பகுதி கடினமாகும். முதுகு நெகிழ்வாகவே நிற்கும். ஓங்கி வெட்டும்போது கத்தி ஒடியாது. இரும்புக்கு ரயில் பெட்டியின் சுருள்வில்லும், பின்னாளில் லாரி ஸ்பிரிங் பட்டையும் பயன்பட்டன. அலகின் மெலிந்த வால்பகுதியைப் பிடிக்குள் செருகி, 'லாஹா' எனப்படும் அரக்குப் பசையால் ஒட்டுவது பழைய முறை. வாலைத் தட்டையாக விட்டு இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைவது மற்றொரு முறை. போர்க் காலத்தில் அவசரமாகச் செய்தவற்றில் அரம் பட்ட கோடுகள் அப்படியே இருக்கும். அழகு குறைந்த அந்தக் கத்திகளைத்தான் சேகரிப்பாளர் பெரிதும் நம்புகிறார்.

பளபளப்பே எதிரி

பழைய பொருளைக் கண்டவுடன் துலக்கிவிட வேண்டும் என்ற ஆசை நம் மக்களிடம் ஆழமாகப் பதிந்துள்ளது. பித்தளைக் குத்துவிளக்கை ஆண்டுக்கு ஒருமுறை துலக்குவதுபோல், தாத்தாவின் குக்ரியையும் சாணை பிடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர்களும் பளபளப்பாக இருந்தால்தான் விற்கும் என நினைக்கிறார்கள். மின்சாரச் சக்கரத்தில் சில நிமிடங்கள் வைத்தால் போதும். ஆழமில்லாத அந்த முத்திரைகள் மறைந்துவிடும். பிறகு அது எந்த ஆண்டுக் கத்தி, எந்தப் பட்டாலியன் கத்தி என்று எவராலும் சொல்ல முடியாது. சட்டத்தின் முன் நூறு வயதை மெய்ப்பிக்கவும் வழியில்லை.

மறுபுறம் போலிகள் பெருகுகின்றன. புதிதாகச் செய்த கத்தியில் 1915, 1917 என ஆண்டைப் பொறித்து, அமிலத்தில் ஊறவைத்து, முதுமை ஏற்றி விற்கிறார்கள். எழுத்துகள் ஆழ்ந்து கூர்மையாக நிற்பதும், துரு கறுத்து இறுகாமல் செந்நிறத் தூளாக உதிர்வதும், மரப்பிடியில் கைபட்ட வழவழப்பு இல்லாததும் ஐயத்துக்கு இடமானவை. கத்திக்கும் உறைக்கும் பொருத்தம் இல்லாதபோதும் எச்சரிக்கை தேவை. ஆனால் உறை மாறியிருப்பது மட்டுமே போலிக்குச் சான்றாகாது. படையில் தோலுறை கிழிந்தால் மாற்றுவது வழக்கம்தான்.

அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு இந்த இடர் சற்றுக் குறைவு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் கண்ட 'போலோ' என்னும் வெட்டுக்கத்தியைப் பின்பற்றி, அமெரிக்கப் படை 1909-ல் தனக்கென ஒரு போலோவை வரையறுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் செய்யப்பட்ட அக் கத்திகளில் இடம், ஆண்டு, வரிசை எண் எல்லாம் ஒழுங்காகப் பொறிக்கப்பட்டன. நம் குக்ரிகளோ அரசுத் தொழிற்சாலை, ஒப்பந்தக்காரர், பட்டாலியனோடு சென்ற கொல்லர் எனப் பல கைகளிலிருந்து வந்தவை. முத்திரைகளுக்கு ஒரே இலக்கணம் இல்லை. ஒரு சுருக்கெழுத்து எந்தப் பட்டறையைக் குறிக்கிறது என்பதை அறிய, ஒத்த முத்திரையுள்ள பத்துக் கத்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அதனால்தான் ஒவ்வொரு கத்தி தேயும்போதும் மற்றவற்றின் பொருளும் சற்று மங்குகிறது.

காத்மாண்டு கிடங்கு

இத்துறையில் பெரிய திருப்பம் நிகழ்ந்தது இந்தியாவில் அன்று, நேபாளத்தில். காத்மாண்டுவின் பழைய லகன் மாளிகையில் நேபாளப் படையின் பழைய ஆயுதங்கள் நெடுங்காலம் அடைந்து கிடந்தன. 2003-ல் அவற்றை அமெரிக்காவைச் சேர்ந்த இரு பழம்பொருள் வணிக நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றின. ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளும் நேபாளத்திலேயே செய்தவையும் அவற்றில் இருந்தன. ஆயிரக்கணக்கான குக்ரிகளும் இருந்தன. முதுகில் தேவநாகரி எழுத்தில் படைப்பிரிவின் பெயரும் எண்ணும் பொறித்த அக் கத்திகள், அதன்பின் உலகெங்கும் சில்லறையாக விற்கப்பட்டன.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. அதுவரை அருங்காட்சியகங்களில் மட்டும் காண முடிந்த வடிவங்கள் எளியவர் கைக்கும் எட்டின. ஒரே பிரிவின் கத்திகள் பல கிடைத்ததால் எழுத்துகளைப் படித்து ஒப்பிடவும் முடிந்தது. ஆனால் ஒரு நாட்டுப் படையின் கிடங்கு முழுவதும் எடைபோட்டதுபோல் வெளியேறியதை, இந்தியாவில் இப்பொருள்களில் அக்கறை கொண்டோர் எச்சரிக்கையாகவே பார்க்க வேண்டும். முதலாம், இரண்டாம் உலகப் போர்களில் நேபாளம் தன் சொந்தப் படைகளையும் இந்தியாவுக்கு அனுப்பியது. எனவே தேவநாகரி முத்திரைக் குக்ரி இந்தியாவில் கிடைத்தாலும் அது அண்மையில் வந்த சரக்கு என்று முடிவு கட்டிவிட இயலாது.

சட்டம் சொல்வது

தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருளை மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ மட்டுமே வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். மீறினால் குறைந்தது ஆறு மாதமும் அதிகபட்சம் மூன்று ஆண்டும் சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் விதிக்கப்படும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் தேவை. பொருள் தொல்பொருள் அன்று எனக் கருதினால், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் சான்று பெற்று அனுப்பலாம்.

ஆனால் கட்டாயப் பதிவுக்கென அறிவிக்கப்பட்ட பட்டியலில் சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள் போன்றவையே இடம்பெற்றுள்ளன. தனியாரிடம் நூறு வயதுக் குக்ரிகள் எத்தனை உள்ளன என்ற கணக்கு இந்த வழியில் அரசுக்குக் கிடைக்காது. கணக்கில் இல்லாத பொருள் காணாமற் போனால் தேடுவோரும் இருக்க மாட்டார்கள்.

ஆயுதச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கோ உழவுக்கோ என வடிவமைக்கப்படாத கத்திகளை ஆயுத விதிகள் கட்டுப்பாட்டுக்குரியனவாக வகைப்படுத்துகின்றன. அந்த வகையில் குக்ரியின் பெயரும் உள்ளது. சீக்கியர்களின் கிர்பானுக்கு விலக்களித்ததுபோல், கூர்க்காக்கள் வைத்திருக்கும் குக்ரிக்கும் மத்திய அரசு விலக்களித்துள்ளது. மற்றவர்களுக்கு, தங்கள் பகுதியில் அறிவிக்கை நடைமுறையில் உள்ளதா என்பதைப் பொறுத்து உரிமம் தேவைப்படலாம். மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ரயிலிலோ விமானத்திலோ எடுத்துச் சென்ற பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வீட்டில் குக்ரி இருப்போர் செய்யக்கூடியவை சில உண்டு. சாணையும் உப்புக் காகிதமும் வேண்டாம். மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். மலைப்பகுதிகளில் கடுகெண்ணெய் பயன்படுத்துவர். நீண்ட காலம் வைத்திருப்பதானால் தோலுறையிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். தோலில் தங்கும் ஈரமும் அதைப் பதனிட்ட சரக்கும் இரும்பை அரிக்கும். உருவும்போது உறையின் கூர்வாய்ப் பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. பழைய உறையின் தையல் பிரிந்திருந்தால் அலகு அதன் வழியே விரலை அறுத்துவிடும். முத்திரைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற குறிப்புடன் வைத்தால், அடுத்து அதைப் பெறுபவருக்கு அதுவே ஆவணம்.

1947-ல் பத்து கூர்க்கா ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் சென்றன. பின்னர் பதினோராவது ரெஜிமென்ட் இங்கு மீண்டும் அமைக்கப்பட்டது. 2022-ல் அக்னிபத் திட்டம் வந்தபோது, அதன்கீழ் தன் குடிமக்களைச் சேர்க்க நேபாள அரசு ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்தது. பழைய குக்ரிகளின் மீது ஆர்வம் கூடுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

இப்போது சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்திகள். 1943, 1944 என முத்திரையிட்ட அவற்றுக்கு நூறு வயது நிறைவது 2043-லும் 2044-லும்தான். அதுவரை தொல்பொருள் சட்டத்தின் பார்வையில் அவை வெறும் பழைய கத்திகள்.